இரண்டாவது திறப்பு

நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் சங்கீதா. உள்துறைமுகக் கரையில், மீன்பிடி வள்ளங்களையும் இழுவைப் படகுகளையும் தண்ணீரிலிருந்து ஏற்றிப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பயிற்சி அலுவலர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். இந்த முறை மின்பிரிவில் சேரும் பயிலுநர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். அதற்கு ஒரு திட்ட அறிக்கை கேட்கிறார்களாம்.

"அக்கா, முதன்முதல் பொம்பிளைப் பிள்ளையளைக் கொண்டுவந்தது நீங்கள்தானே. பங்குதாரர்களை எப்படி அணுகினனீங்கள் எண்டு ஒரு பந்தியில சொல்லுங்கோவன். அப்படியே போட்டிடுறன்."

பங்குதாரர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சில முகங்கள் வந்தன. சம்பூரில் முற்றத்தில் நின்றபடியே என்னோடு பேசிய ஒரு தகப்பன். கையில் எண்ணெய் துடைக்கும் துணியோடு திரியும் போர்மன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கும் என் மேலதிகாரி.

"ஒரு பந்தியில ஏலாது தங்கச்சி, எழுதி அனுப்புறன்" என்றேன். எழுத உட்கார்ந்தபோது, நான் சரியாகச் செய்தவை எல்லாம் பின்னால் போய், பிழையாகச் செய்த ஒன்று முன்னுக்கு வந்து நின்றது. ஆகவே அதையே எழுதுகிறேன். அறிக்கையில் போடுவதும் விடுவதும் அவள் விருப்பம்.

என் ஆரம்பகாலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழினுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சண்டைக் காலத்தில் வேலை தேடி அலைந்து, பட்டறையில் வரைபடங்கள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு மோட்டார் சுற்றும் பிரிவு, அதற்குப் பிறகு பயிற்சி அலுவலர். இருபது வருடங்கள் இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன. இந்தக் கதைக்கு வேண்டியது அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்.

எங்கள் தலைமைப் பொறியியலாளர் அன்சார் சேர் மூதூர்க்காரர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார். ஏதாவது சொல்லிக்கொண்டு போனால், முடியும்வரை பேனையை மூடி வைத்திருப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். "கண்டீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்பார். கேள்விப்பட்டது என்றால் பேனை திறபடாது. கண்டுவிட்டு வரும்படி அனுப்புவார். அந்த ஒரு கேள்விக்காகவே பலர் அவருடைய அறைப்பக்கம் போகமாட்டார்கள்.

பொடியன்கள் கட்டாருக்கும் துபாய்க்கும் போகப் போக, எங்களுக்கு மின்பிரிவுக்கு ஆள் கிடைக்காமல் போனது. ஒருநாள் அன்சார் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"எட்டு இடம் கிடக்கு மிஸ். நாலு இடத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையள எடுப்பம். பேப்பர்ல விளம்பரம் போட்டா ஒத்தரும் வர மாட்டாங்க. நீங்க ஊரூராப் போய்க் கதைங்க. என்ன கேக்குறாங்க எண்டு அப்படியே எழுதிட்டு வாங்க. பதில் சொல்ல அவசரப்பட வேணாம்."

குச்சவெளிக்குப் போனேன், கிண்ணியாவுக்குப் போனேன், சம்பூருக்குப் போனேன். பாடசாலை மண்டபங்களில் மின்னியலின் எதிர்காலம் பற்றிப் பேசத் தயார்பண்ணிக்கொண்டு போனவை ஒன்றும் உதவவில்லை. குச்சவெளியில் ஒரு தாய் எழுந்து, "பிள்ளையளுக்குத் தனி மலசலகூடம் இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் பட்டறையில் இருக்கவில்லை. நான் அலுவலகக் கட்டடத்துக்கு நடந்துபோய் வந்த ஆள். அத்தனை வருடமும் அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை. கிண்ணியாவில் நஸ்ரின் என்ற பிள்ளையின் தகப்பன், "இடத்த வந்து பார்க்க விடுவீங்களா? அஞ்சு மணிக்குப் பொறகு ஆர் ஆர் அங்க நிப்பாங்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். அன்சார் சேர் அந்தப் பக்கங்களை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மறுகிழமையே மலசலகூடத்துக்கு அத்திவாரம் வெட்டுவித்தார். மூதூர் பஸ் உரிமையாளரிடம் தானே போய், மாலை பஸ்ஸைப் பட்டறை வாசலில் நிறுத்த ஒப்புதல் வாங்கினார்.

சம்பூரில்தான் தர்சினியைச் சந்தித்தேன். இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்து, காணி திரும்பக் கிடைத்தபின் கட்டிய புது வீட்டில் இருந்தார்கள். அவள் உயர்தரத்தில் தொழினுட்பம் படித்தவள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். தகப்பன் யோகராசா கடலுக்குப் போகிறவர். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தவில்லை. முற்றத்தில் நின்றபடியே கேட்டார்.

"கரண்ட் அடிச்சா என்ன செய்வியள்?"

பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம் என்று அன்சார் சேர் சொல்லியிருந்தார். நான் அவசரப்பட்டேன்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பூட்டு ஒண்டு குடுப்பம் ஐயா. வேலை செய்ய முதல் மெயின் சுவிட்சை நிப்பாட்டிப் பூட்டிப்போட்டுத் திறப்பைத் தன்ர கழுத்தில போடுவா. அவ வந்து திறக்கும்வரைக்கும் ஆராலயும் கரண்ட் குடுக்க ஏலாது. பூட்டுப் போட்டால் அடிக்காது."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி. நீங்கள் சொல்லுறதை நம்பி அனுப்புறன்" என்றார்.

நான் சொன்னது பொய்யல்ல. எங்கள் ஒழுங்கு அதுதான். சுவிட்சை நிறுத்து, பூட்டு, பெயர் எழுதிய சிவப்பு அட்டையைக் கொழுவு, பதிவேட்டில் நேரத்தை எழுது, வேலைசெய்யும் இடத்துக்குப் போய் டெஸ்டரால் தொட்டுப் பார், பிறகு கையை வை. ஒரு பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு. அன்சார் சேர் இரண்டாவது திறப்புகளை எல்லாம் பல வருடங்களுக்கு முன்பே அழித்துவிட்டிருந்தார்.

தர்சினி, நஸ்ரின், குச்சவெளியிலிருந்து இருவர் என நான்கு பிள்ளைகளும் வந்தார்கள். போர்மன் குணம் என்பவருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல. முப்பது வருடம் அந்தப் பட்டறையின் சத்தத்துக்குள் இருந்தவர். எந்த மோட்டார் எப்போது மூச்சுவாங்கும் என்று காதால் அறிவார். ஆனால் பிள்ளைகள் எதைச் செய்தாலும் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார். இரண்டாவது மாதம் நஸ்ரின் தன் பூட்டின் திறப்பைத் தவறவிட்டாள். வள்ளங்களைக் கரைக்கு இழுக்கும் வின்ச்சின் சுவிட்ச் பூட்டியபடியே கிடந்தது. அன்சார் சேர் வந்து, எல்லாவற்றையும் பார்த்து, பூட்டை அறுக்கக் கையெழுத்து வைக்க அரை நாள் போய்விட்டது. மறுநாள் போர்மன் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். பெண்பிள்ளைகளால் வேலை தாமதமாகிறது, இன்னொருமுறை நடந்தால் தான் பொறுப்பில்லை என்று.

அந்தக் கடிதம் என்னைப் பயமுறுத்திவிட்டது. இத்தனை ஊர் ஏறி இறங்கிச் சேர்த்த நான்கு பேர். ஒரு கடிதத்தில் எல்லாம் போய்விடும் போலிருந்தது. போர்மனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். மாலை, பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன திறப்புகளோடு டவுனுக்குப் போய், நான்கு பூட்டுகளுக்கும் இரண்டாவது திறப்பு வெட்டுவித்தேன். ஒரு வளையத்தில் கோத்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

"அவசரத்துக்கு மட்டும் அண்ணை. என்னைக் கேளாமல் எடுக்கக்கூடாது."

"இப்பதான் மிஸ் உங்களுக்கு வேலை விளங்குது" என்று சிரித்தார். மேசை லாச்சியில் போட்டார். அன்றிலிருந்து பிள்ளைகளோடு அவர் நடந்துகொள்வதே மாறிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சந்தேகம் கேட்டால் காட்டிக்கொடுத்தார். நான் என் சாமர்த்தியத்தை எண்ணி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அன்சார் சேருக்குச் சொல்லவில்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு காலை. காற்று எழும்பியிருந்தது. கரைக்கு இழுக்க வேண்டிய வள்ளம் ஒன்று தண்ணீருக்குள், இழுத்து ஏற்றும் தாங்கிச் சட்டத்தில் ஏறியபடி அடிபட்டுக்கொண்டிருந்தது. அடியில் ஏற்கெனவே ஓட்டை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உரிமையாளர் கரையில் நின்று கத்தினார். வின்ச் அறையில் தர்சினி, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைத் திறந்து, எரிந்துபோன பாகம் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த அளவு வேலையைத் தனியே செய்ய அவளுக்கு அனுமதி கிடைத்துச் சில நாட்கள்தான். மெயின் சுவிட்ச் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம், தனி அறையில், முப்பது காலடித் தூரத்தில்.

நான் பயிற்சி அறையில் இருந்தேன். பட்டாசு ஒன்று வெடித்தது போலச் சத்தம். அந்தச் சத்தத்தை அறிந்தவர்களுக்கு அதன்பின் வரும் அமைதியும் தெரியும். ஓடினேன்.

தர்சினி நிலத்தில், சுவரோடு சாய்ந்து இருந்தாள். வலக்கையை இடக்கையால் மணிக்கட்டில் பிடித்திருந்தாள். உள்ளங்கையும் விரல்களும் கறுத்து, சில இடங்களில் வெள்ளையாக இருந்தன. முகத்தில் புகை. அழவில்லை. என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை:

"மிஸ், நான் பூட்டினனான்."

அவள் கழுத்தில் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அவளை வாகனத்தில் ஏற்றிவிட்டு நான் சுவிட்ச் அறைக்கு ஓடினேன். சுவிட்ச்சில் பூட்டு இல்லை. சிவப்பு அட்டையும் இல்லை. பாவிக்காத பூட்டுகள் தொங்கும் பலகையில், அவளுடைய இலக்கத்துக்குக் கீழே, அவளுடைய பூட்டுத் தொங்கியது. பதிவேட்டில் அவளுடைய கையெழுத்தில் "பூட்டியது 9.35" என்று இருந்தது. போர்மன் வாசலில் நின்றார்.

"பூட்ட மறந்திட்டாள்" என்றார். "எழுதிப்போட்டு மறந்திட்டாள். பூட்டு இருக்கேல்லை."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்க அதுவே கதை. திறப்பு அவள் கழுத்தில். வேறு திறப்பு கிடையாது. அப்படியானால் அவள் பூட்டவில்லை. கணக்குச் சரியாக வந்தது. அதைப் பிழையென்று அறிந்தவர்கள் இரண்டே பேர்.

மூன்றாம் நாள் விசாரணை என்று அன்சார் சேர் அறிவித்தார். விபத்து நடந்த அன்று பின்னேரமே போர்மன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மிஸ், நடந்தது நடந்திட்டுது. பிள்ளை தப்பிட்டுது. சொன்னா நீங்களும் போவீங்கள், நானும் போவன். அதோட முடியாது. மற்ற மூண்டு பிள்ளையளும் போவினம். இனி ஒரு பொம்பிளைப் பிள்ளையை இந்த வாசலுக்குள்ள எடுக்க மாட்டாங்கள். சொல்லாட்டி அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். யோசியுங்கோ."

நான் யோசித்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம். உடனே எழுந்து கதவைத் திறக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளையின் மேல் ஒரு கடிதம். அது அவ்வளவு பெரிய அநியாயமா என்று எனக்குள் நியாயம் தேடினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யோகராசா கட்டிலின் பக்கத்தில் நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"பூட்டுப் போட்டால் அடிக்காது எண்டு சொன்னனீங்கள்."

தர்சினி என்னைப் பார்த்தாள். கையில் பெரிய கட்டு. ஒரு நாளுக்குள் அவளுடைய முகம் சுருங்கிப்போயிருந்தது.

"மிஸ்," என்றாள், "எல்லாரும் நான் மறந்திட்டன் எண்டு சொல்லினமாம். நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். முதல் நாள் பூட்டினது ஞாபகம், அதுக்கு முதல் நாள் பூட்டினது ஞாபகம். எல்லாம் கலந்துபோச்சு. நான் உண்மையில பூட்டினனானோ, மிஸ்?"

விபத்து நடந்த இடத்தில் நிலத்தில் இருந்தபோது அவளிடம் ஒரு உறுதி இருந்தது. "நான் பூட்டினனான்" என்றவள் இப்போது கேட்கிறாள். கை எரிந்தது போர்மனால். இது என்னால். நான் பேசாமல் இருந்த ஒவ்வொரு மணித்தியாலமும் அவள் தன் கையையே நம்பாமல் ஆகிக்கொண்டிருந்தாள். தன் கையை நம்பாத ஒருத்தி இனி எந்தப் பெட்டியைத் திறப்பாள்?

"பூட்டினனீங்கள்" என்றேன். "நாளைக்குச் சொல்லுறன்."

விசாரணை அன்சார் சேரின் அறையில். தர்சினி வரவேண்டாம் என்று வைத்தியர் சொல்லியும் தகப்பனோடு வந்திருந்தாள். அன்சார் சேர் பேனையை மூடி வைத்திருந்தார். முதலில் போர்மனைக் கேட்டார்.

"பூட்டு இருக்கல்ல எண்டு கண்டீங்களா, கேள்விப்பட்டீங்களா?"

"கண்டனான் சேர்."

பேனை திறபட்டது. எழுதினார். அடுத்ததாக என் பக்கம் திரும்பினார். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"இரண்டாவது திறப்பு இருக்கு சேர். நாலு பூட்டுக்கும். நான்தான் வெட்டுவிச்சனான்."

அன்சார் சேர் கண்ணாடியைக் கழற்றினார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எந்த நாள், எந்தக் கடை, ஆரிடம் கொடுத்தேன், என்ன சொல்லிக் கொடுத்தேன், தனக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதியதை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். கையெழுத்து வைக்கச் சொன்னார். பிறகு எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போர்மனின் அறைக்குப் போனார். லாச்சியைத் தானே திறந்தார். வளையம் அங்கேயே கிடந்தது. தர்சினியின் பூட்டை எடுத்துவரச் செய்து, வளையத்தில் இருந்த திறப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது திறப்புக்குப் பூட்டுத் திறந்தது.

போர்மன் முகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார். "வேலையை முடிச்சுப்போட்டுத் தேத்தண்ணிக்குப் போயிட்டாள் எண்டு நினைச்சன் சேர். வள்ளம் தண்ணிக்குள்ள தாண்டுகொண்டிருந்தது. வாசலால எட்டிப் பாத்தன், ஆள் தெரியேல்லை. அவள் பெட்டிக்குப் பின்னால குந்திக்கொண்டு இருந்திருக்கிறாள்." அட்டையைத் தன் சட்டைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். மூன்று நாளும் அதைக் கொண்டு திரிந்திருக்கிறார்.

தர்சினி ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப நான் பூட்டினனான்தானே, சேர்?"

"ஓம் மகள். பூட்டித்தான் இருக்கீங்க."

"அதை எழுதுங்கோ."

அவர் எழுதினார். அவள் கிட்டப்போய் நின்று, எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்மன் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டார். என்னைப் பயிற்சிப் பகுதியிலிருந்து எடுத்து ஒரு வருடம் களஞ்சியத்தில் போட்டார்கள். ஆணிகளையும் வயர்ச் சுருள்களையும் எண்ணினேன். அதைப் பற்றி முறைப்பாடு எனக்கில்லை. குச்சவெளிப் பிள்ளைகள் இருவரையும் வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. அதில் ஒருத்திக்கு நல்ல கை. போர்மன் சொன்ன பாதி உண்மை அவ்வளவு தூரம் பலித்தது.

ஆனால் அவர் எதிர்பாராத ஒன்றை அன்சார் சேர் செய்தார். ஒரு சனிக்கிழமை எல்லாப் பெற்றோரையும் பட்டறைக்கு அழைத்தார். நிர்வாகம் வேண்டாம் என்றது. அவர் கேட்கவில்லை. வின்ச் அறைக்கு முன்னால் கதிரைகள் போட்டு, விசாரணை அறிக்கையை முழுக்க வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். நான் எந்த ஊர்களுக்குப் போய் வாக்குக் கொடுத்தேனோ, அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடங்கள் எனக்கு வேறு இல்லை. பிறகு அவர் நான்கு திறப்புகளையும் கவ்வியில் இறுக்கி, இரும்பு அறுக்கும் வாளால் தானே அறுத்தார். துண்டுகளை நஸ்ரினின் தகப்பன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நஸ்ரின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள்.

தர்சினி வர நான்கு மாதம் ஆனது. தகப்பன்தான் கூட்டிக்கொண்டு வந்தார். களஞ்சிய வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

"நீங்கள் சொல்லி அனுப்பேல்லை" என்றார். "அவள் சொல்லி அனுப்புறன்."

தர்சினி இப்போது அந்தப் பட்டறையின் மின்பிரிவுக்கு மேற்பார்வையாளர்.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதும் சங்கீதா அழைத்தாள். "அக்கா, இதை அறிக்கையில போட்டா ஒருத்தரும் பிள்ளையை அனுப்ப மாட்டினம்" என்றாள். முதல் நாளே நீயாகச் சொல்லு, பெற்றோர் பிறகு வேறொருவர் சொல்லிக் கேட்கக்கூடாது என்றேன். நம்பாமலேதான், ஆனாலும், இலங்கைத்துறை என்ற கரையோரக் கிராமத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாடசாலை மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். திறப்பு வெட்டியதிலிருந்து அறுத்ததுவரை சொன்னேன். பின்வரிசையில் இருந்த இரண்டு ஆண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். சங்கீதா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பார்த்தீங்களா அக்கா என்பது இருந்தது.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கடலோர வெயிலில் காய்ந்த முகம். பக்கத்தில் இருந்த மகள் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து இருத்தப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையின்ர கை இப்ப எப்படி?"

"சின்ன விரல் மடங்காது" என்றேன். "மற்றதெல்லாம் வேலை செய்யும்."

அவர் தலையாட்டிவிட்டு முன்னால் வந்து, மேசையில் இருந்த விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து விரலால் தடவித் தடவி வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதில தகப்பன் கையெழுத்து எண்டு கிடக்கு" என்றார் சங்கீதாவிடம். "அவர் இல்லை. நான் வைக்கலாமோ?"

சங்கீதா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அவளே தயாரித்த படிவம். பேனையை எடுத்து 'தகப்பன்' என்பதை வெட்டி, மேலே 'தாய்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மிச்சப் படிவங்கள் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக வெட்டி, 'தாய் அல்லது தகப்பன்' என்று எழுதத் தொடங்கினாள்.